வெட்டி எடுத்த மூச்சு

அமெரிக்காவின் வடக்கே, டுலூத்தில், ஜனவரி மாதச் சாலை சில நாட்களில் பனி உறைந்து கண்ணாடியாகிவிடும். அப்படி ஒரு காலையில், வேலைக்கு வரும் வழியில் கார் சறுக்கி டாக்டர் மரிட் ஸொலெம் இறந்துபோனாள். அன்று மதியம் மருத்துவமனையின் ஒலிபெருக்கிகளில் அவள் குரல் கேட்டது.

"பார்வையாளர் நேரம் முடிந்தது. தயவுசெய்து புறப்படுங்கள்."

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அது பதிவுசெய்த குரல். பதிவு செய்தவன் அவள் கணவன் ஆரன் கொஸ்கி. அந்த மருத்துவமனையின் ஒலிபெருக்கி, தொலைபேசி, அழைப்பு மணி எல்லாவற்றுக்கும் அவன்தான் பொறுப்பு. சவ அடக்கம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்துவிட்டான். வீட்டில் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. உணவுக்கூடத்தில் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே இருக்கும் மேசையில் உட்கார்ந்து சூப் குடித்தான். மேலே இருந்து அவள் "பார்வையாளர் நேரம் முடிந்தது" என்றாள். அவனோடு சாப்பிட்டவர்கள் தட்டைப் பார்த்தார்கள். அவன் உப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான்.

அவர்கள் அறிமுகமானதே அந்தப் பதிவில்தான். ஒலிபெருக்கிக்கு இதமான பெண்குரல் ஒன்று வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. நிர்வாகத்திலிருந்து ஒருவர் நான்காம் மாடிக்குப் போய், மேசையருகே நின்று போனில் பேசிக்கொண்டிருந்த பெண்ணிடம், "அம்மணி, குரல் நல்லாருக்கே. உங்க டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன், கீழ வந்து நாலு வார்த்தை படிச்சுக் குடுத்துட்டுப் போ" என்றிருக்கிறார்.

"அந்த டாக்டரே நான்தான்னு சொல்ல வாயைத் திறந்தேன்" என்று மரிட் ஆரனிடம் சொல்லிச் சிரித்தாள். "அதுக்குள்ள ஆள் போயிட்டார். சரி, வந்தது வந்தாச்சு. எதைப் படிக்கணும்?"

மாடி எண்கள், அறை எண்கள், கிழக்கு, மேற்கு, அவசரக் குழு, பார்வையாளர் நேரம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படித்தாள். ஆபரேட்டர் எண்ணைத் தட்டினால் இயந்திரம் துண்டுகளை ஒட்டி வாக்கியமாக்கும். பதிவைத் திருப்பிக் கேட்டபோது ஆரன் ஒன்றைக் கவனித்தான். ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் அவள் சின்னதாக ஒரு மூச்சு இழுத்தாள். எதிராளி பேச ஆரம்பித்துவிட்டால் அப்படியே விழுங்கிக்கொள்ளத் தோதான, அரை மூச்சு.

அவன் அவற்றை ஒவ்வொன்றாக வெட்டினான். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அதை எடுக்கறீங்க? அதுவும் நான்தானே."

"தயங்கற மாதிரி கேக்குதுங்க, டாக்டர்."

"தயக்கமெல்லாம் இல்ல. எடம் கிடைக்குமான்னு பாக்கறேன். இங்க எடம் பாத்துத்தான் பேசணும், இல்லன்னா பாதியில ஒருத்தர் ஏறிடுவார்."

அதற்குப் பிறகு, கல்யாணமாகியும்கூட, தன் குரலைப் பதிவு செய்ய அவள் யாரையும் விட்டதில்லை. விருந்துகளில் யாராவது போனை நீட்டினால் கையால் வாயை மூடிக்கொண்டு, "வேண்டாம், எங்க வீட்டுக்காரர் வெட்டிடுவார்" என்பாள். அதனால் ஆரனிடம் இப்போது மிஞ்சியிருந்தது மாடி எண்களும் அறை எண்களும்தான்.

நான்காம் மாடிக்குத் தலைமை மருத்துவர் பதவி காலியானபோது மரிட் விண்ணப்பித்தாள். அறிவு இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, ஆனால் குரலில் கட்டளை இல்லை என்றார்கள் தேர்வுக் குழுவினர். பதவி ப்ரூஸ் ஹெண்டர்ஷாட்டுக்குப் போயிற்று. அன்று இரவு சாப்பிடும்போது அவள் அதைச் சொன்னாள்.

"அவங்க அதைச் சொல்லி முடிக்கல ஆரன், ஸ்பீக்கர்ல அவசரக் குழுவைக் கூப்பிட்டாங்க. என் குரல். உக்காந்திருந்த அத்தனை பேரும் எழுந்து ஓடினாங்க பாரு! நாற்காலி ஒண்ணு கவுந்தே போச்சு. நான் மட்டும் உக்காந்திருந்தேன்."

சிரிப்பில் கையிலிருந்த முள்கரண்டியை அவள் கீழே வைக்க வேண்டியிருந்தது. சிரிப்பு நின்ற பிறகும் அவள் அதை எடுக்கவில்லை.

மரிட் இறந்த அந்த ஆண்டு அக்டோபரில் முதல்முறை அது நடந்தது.

அடித்தளத்தில் ஆபரேட்டர் அறையில் டார்லீன் சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருந்தாள். அவளுடைய அம்மாவும் அதே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். டாக்டர்கள் யாரையும் டார்லீன் மதிப்பதில்லை. ஆரனை மட்டும் கண்ணா என்பாள்.

"கண்ணா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நாலாம் மாடி நர்ஸுங்க போன் பண்ணினாங்க. ஸ்பீக்கர்ல யாரோ மூச்சு விடறாங்களாம்."

"லைன்ல காத்து போகும். ஒயர் பழசு."

"நானும் அதான் சொன்னேன். காத்து இல்லையாம். பேசறதுக்கு முன்னாடி இழுக்கற மூச்சாம்." அவள் விதைத்தோலை உள்ளங்கையில் துப்பினாள். "அப்புறம் எதுவும் பேசலையாம்."

ஆரன் நான்காம் மாடிக்குப் போனான். ஏணி போட்டு ஏறி ஒயரை மாற்றினான். இறங்குவதற்குள் அவனுக்கே கேட்டது. காதுக்கு ஒரு சாண் தூரத்தில், துணி மூடிய ஒலிபெருக்கிக்குள்ளிருந்து. அரை மூச்சு. அதை அவனுக்குத் தெரியும். அத்தனை துண்டுகளிலிருந்தும் தன் கையால் வெட்டிப் போட்ட மூச்சு.

கீழே ஹெண்டர்ஷாட் தன் பயிற்சி மருத்துவர்களோடு நின்றுகொண்டிருந்தார்.

"டாக்டர், இப்ப உங்களுக்கு ஏதாவது கேட்டுதா?"

"எது?"

அவர் பக்கத்தில் டெஸ்ஸா லாப்ரெயரி என்ற இளம் மருத்துவர் நின்றாள். பக்கத்திலிருந்த ஃபான்டுலாக் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வந்த பெண். அவள் ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டது என்று சொல்லவில்லை. ஆனால் கையில் இருந்த பேனாவைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு, பக்கத்து அறைக்குள் போனாள். அங்கே ஒரு கிழவர் வாயில் நுரை தள்ள வலிப்பில் துடிக்க ஆரம்பித்திருந்தார்.

ஆரன் இயந்திரத்தைத் திறந்து எல்லாத் துண்டுகளையும் கேட்டான். எதிலும் மூச்சு இல்லை. ஒழுங்காக வெட்டியிருந்தான்.

அதன்பின் அந்த மூச்சு கேட்கும்போதெல்லாம் நர்சுகள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு அறை அறையாகப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் அறையில் ஏதோ ஒன்று தொடங்கியிருக்கும். அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசிக்கொள்ளவில்லை. ஹெண்டர்ஷாட்டுக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவர் மூச்சின் நடுவே பேசிக்கொண்டே நடந்தார்.

கெட்டவர் இல்லை ஹெண்டர்ஷாட். மரிட் இறந்தபோது இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுடும் ஹாட்டிஷைப் பெரிய பாத்திரம் நிறையச் சமைத்து, தானே கொண்டுவந்து ஆரன் வீட்டு வாசலில் வைத்தார். "அவ என் வலது கை" என்றார். அது பொய்யும் இல்லை.

பனி விழுந்த முதல் வாரத்தில் ஒரு மதியம், டார்லீன் இரண்டு கையிலும் சாண்ட்விச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆரன் எதிரே உட்கார்ந்திருந்தான். மேலே மூச்சு கேட்டது. இந்த முறை அது நிற்கவில்லை.

"அவசரக் குழு. நான்காம் மாடி, கிழக்கு. அறை பதினேழு."

டார்லீன் சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தாள். "நான் தொடவே இல்ல. நீதான் பாத்தியே. கண்ணா, நான் எதையும் தொடல."

பதினேழாம் அறையில், பித்தப்பை அறுவை முடிந்த ஒரு கப்பல் சமையல்காரர் ஆரஞ்சு ஜெல்லி தின்றுகொண்டிருந்தார். வண்டியும் கருவிகளுமாக அத்தனை பேர் கதவை இடித்துக்கொண்டு நுழைந்ததும், "ஜெல்லி தின்னது அவ்ளோ பெரிய தப்பா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஹெண்டர்ஷாட் டெஸ்ஸாவைப் பார்த்தார்.

"நீ கூப்பிட்டியா?"

"இல்ல டாக்டர்."

"காலைல இவர் வயிறு கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னது நீதானே? வெறும் வாயுன்னு நான் சொன்னேனே, மறந்து போச்சா?"

டெஸ்ஸா பதில் சொல்வதற்கு முன் ஸ்பூன் தரையில் விழுந்தது. சமையல்காரரின் கண் மேலே செருகியது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது காலையிலிருந்தே. குழு அங்கேயே நின்றதால் பிழைத்தார்.

மாலை ஆய்வுக் கூட்டத்தில் ஹெண்டர்ஷாட், "காலைலேயே வயிறு கல்லு மாதிரி இருந்தது. எனக்கு அப்பவே ஒரு உறுத்தல்" என்றார். மேசையைச் சுற்றித் தலைகள் அசைந்தன. ஒலிபெருக்கித் துண்டுகளை இணைத்துக் காட்ட ஆரனையும் கூப்பிட்டிருந்தார்கள். அவன் டெஸ்ஸாவின் முகத்தைப் பார்த்தான். அவள் அரை மூச்சு இழுத்தாள். பக்கத்தில் ஒருவர் பேச ஆரம்பித்தார். அவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

ஆரனின் முதுகில் ரோமம் எழுந்தது. ஜனவரிக்குப் பிறகு அவன் உடம்பு எதையாவது உணர்ந்தது அதுதான் முதல் தடவை.

இயந்திரக் கோளாறு என்று கூட்டம் முடிவு செய்தது. பழைய குரலை அழித்துவிட்டுப் புதிய குரல் ஏற்ற வேண்டும். இனி தலைமை மருத்துவர் சொல்லாமல் அவசரக் குழுவை ஆபரேட்டர் அழைக்கக் கூடாது. புதிய குரலாக ஹெண்டர்ஷாட்டே படிக்க ஒப்புக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் அவர் ஆரனின் தோளில் கை வைத்தார். "உனக்கும் இது நல்லதுதான் ஆரன். நாள் முழுக்க அந்தக் குரலைக் கேட்டுட்டே இருந்தா மனசு எப்படி ஆறும், சொல்லு."

"அதை அப்படியே விட்டுடலாமே, டாக்டர். இயந்திரத்துல கோளாறு இல்ல. நான் பாத்துட்டேன்."

"அப்ப வேற என்ன?"

ஆரன் கொண்டுவந்த ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினான்.

பதிவு செய்யும்போது ஹெண்டர்ஷாட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தார். வார்த்தைக்கு முன்னால் இடைவெளியே இல்லை. ஆரனுக்கு வெட்ட எதுவும் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அழிக்க உட்கார்ந்தான். துண்டுகளை நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவது சுலபம். ஆனால் நகலில் இருக்கப்போவது எண்கள்தான். மூச்சு இல்லை. எந்தத் துண்டிலும் இல்லாத அது இயந்திரத்திலா இருக்கிறது, ஒயரிலா, கட்டடத்திலா என்று அவனுக்குத் தெரியவில்லை. அழித்தால் அதுவும் போய்விடுமா என்பதும் தெரியவில்லை. அவன் பயந்தது அதற்கு மட்டும்தான்.

"நான் வெளிய நிக்கட்டுமா?" என்றாள் டார்லீன்.

"இரு."

முதலில் மாடிகளை அழித்தான். பிறகு அறைகள். கிழக்கு. மேற்கு. கடைசியாக, "தயவுசெய்து புறப்படுங்கள்." ஒருமுறை கேட்டுவிட்டு அதையும் அழித்தான். காத்திருந்தான். ஒலிபெருக்கிகளில் எதுவும் இல்லை. மதியம் ஹெண்டர்ஷாட்டின் குரல் பார்வையாளர்களை வெளியே போகச் சொன்னது. கட்டடம் திடீரென்று வேறு யாருடையதோ ஆனது போலிருந்தது.

"யப்பா" என்றாள் டார்லீன். "வீட்ல என் முதல் புருஷன் பேசற மாதிரியே இருக்கு."

ஆரன் இயந்திரத்தின் மூடியைப் பொருத்திக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. டெஸ்ஸா. நான்கு மாடியும் படியிறங்கி ஓடி வந்திருந்தாள்.

"டார்லீன், அவசரக் குழுவைக் கூப்பிடுங்க. அறை ஒன்பது."

"ஹெண்டர்ஷாட் சொன்னாரா?"

"இல்ல."

"அவர் சொல்லாம நான் கூப்பிட்டா என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க, டாக்டர். என்ன ஆச்சு?"

"திருமதி பெக். ஸ்கூல் பஸ் ஓட்டறவங்க. கால் ஒண்ணு வீங்கியிருக்கு, மூச்சு வாங்குது, உதடு நீலம் பாரிச்சிருக்கு. கால்லேருந்து நுரையீரலுக்கு ரத்தக்கட்டு போயிருக்கு. அவர்கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன். பதட்டம்தான், தூங்க மருந்து குடுங்கறார். யாருக்குப் பதட்டம், அந்தம்மாவுக்கா உனக்கான்னு கேட்டு எல்லாரையும் சிரிக்க வைக்கிறார். நர்ஸ் போனை எடுத்தாங்க, வைக்கச் சொல்லிட்டார். இன்னொரு தடவை தேவையில்லாம ஆளைத் திரட்டினா, பயிற்சியை முடிக்க விடமாட்டேன்னு சொல்லிட்டார்." அவள் மேசையில் கை ஊன்றினாள். "அந்தம்மாவுக்கு நேரம் இல்ல."

டார்லீன் ஆரனைப் பார்த்தாள்.

இயந்திரத்தின் பின்பக்கம் ஒரு பழைய மைக் உண்டு. மின்சாரக் கோளாறில் இயந்திரம் நின்றுபோனால் ஆபரேட்டரே பேசுவதற்காக வைத்தது. அதை இணைக்க வேண்டுமென்றால் இயந்திரத்தைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் தன் வேலை போகும் என்று ஆரனுக்குத் தெரியும். இந்தக் கட்டடத்தை விட்டுப் போக வேண்டியிருக்கும். காலையில் அழித்த பிறகும், ஏதாவது ஒரு ஒயரில் அவள் மிச்சம் இருக்கலாம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

பிடுங்கினான். மைக்கைச் சொருகி டெஸ்ஸாவின் முன் வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பொத்தானை அழுத்திட்டுப் பேசுங்க. கட்டடம் முழுக்கக் கேக்கும்."

அவள் அழுத்தினாள். வாய் திறக்கவில்லை. உதடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சிரித்தவர்கள் எல்லோரும் மேலே இருந்தார்கள்.

அப்போது தலைக்கு மேலே கேட்டது. அரை மூச்சு. பிறகு நடைபாதையில், பிறகு மாடிப்படிகளில், ஒவ்வொரு ஒலிபெருக்கியாக ஏறிப் போனது.

டெஸ்ஸா கையை மைக்கிலிருந்து எடுக்காமல் ஆரனைப் பார்த்தாள். மூச்சு விட்டது அவள் இல்லை. அவள் இன்னும் மூச்சையே அடக்கிக்கொண்டிருந்தாள்.

"பேசுங்க" என்றான் ஆரன். "மரிட் உங்களுக்கு எடம் பிடிச்சு வச்சிருக்கா."

"அவசரக் குழு" என்றாள் டெஸ்ஸா. "நான்காம் மாடி, கிழக்கு. அறை ஒன்பது. நுரையீரலில் ரத்தக்கட்டு. உடனே வாங்க."

மேலே கூரையில் காலடிகள் கேட்டன. டெஸ்ஸாவும் ஓடினாள். கதவு அவளுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு நர்ஸ் போன் செய்தாள். திருமதி பெக்கின் இதயம் நின்றது. குழு உள்ளே வந்த பிறகுதான் நின்றது. மருந்து ஏற்றி, மறுபடி துடிக்க வைத்துவிட்டார்கள். "இங்க எல்லாரும் கேட்டோம்" என்றாள் நர்ஸ். "மரிட்டோட குரலை அழிச்சாச்சுன்னு சொன்னாங்களே?"

"அழிச்சாச்சு" என்றான் ஆரன். "பேசினது டாக்டர் லாப்ரெயரி."

"இல்ல ஆரன்" என்றாள். "அந்தப் பொண்ணு குரல் எங்களுக்குத் தெரியாதா? நாங்க கேட்டது மரிட்டை."

டார்லீன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த அறையில் டெஸ்ஸாவின் வாய் அசைந்ததை அவளும் பார்த்திருந்தாள். விதைப் பொட்டலத்தைச் சுருட்டி வைத்தாள். "நான் ஒண்ணும் கேக்கல" என்றாள், யாரிடமோ.

ஆரன் மைக்கைப் பிடுங்கினான். சிவப்பு விளக்கு அணைந்தது. இயந்திரத்தின் ஒயர் தரையில் கிடந்தது. தன் கருவிகளைப் பையில் போடத் தொடங்கினான். எப்படியும் அழைப்பு வரும். வந்தது.

"யாரு பேசினது?" ஹெண்டர்ஷாட்.

"டாக்டர் லாப்ரெயரி."

"பொய் சொல்லாத. அந்தக் குரலோட பக்கத்துல நின்னு நான் எத்தனை வருஷம் வேலை பாத்திருக்கேன்."

"வேலை பாத்தீங்க, டாக்டர். கேட்டதில்ல."

"உனக்கு என்ன வேணும் ஆரன்? நான் என்ன பண்ணினேன்? அவளை நான் எப்பவாவது..." வாக்கியம் நடுவில் நின்றது. ஹெண்டர்ஷாட் எந்த வாக்கியத்தையும் நடுவில் நிறுத்தி ஆரன் கேட்டதில்லை. தொலைபேசியில் நான்காம் மாடியின் சத்தங்கள் வந்தன. சக்கரங்கள், யாரோ யாரையோ கூப்பிடுவது. பிறகு அவையும் அடங்கின.

"இதென்ன?" ஹெண்டர்ஷாட்டின் குரல் தணிந்திருந்தது. "ஸ்பீக்கர்ல. யாரோ மூச்சு விடறாங்க."

ஆரன் ரிசீவரைக் காதோடு அழுத்தினான்.

"நான் பேச வாயெடுத்தா மூச்சு இழுக்குது. நான் நிறுத்தினா நிக்குது. எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. ஆரன், அதை நிறுத்து."

"உங்களுக்குக் கேக்குதா, டாக்டர்?"

"நிறுத்துன்னு சொல்றேன்!"

ஆரன் அறையைப் பார்த்தான். மைக் மேசையில் கிடந்தது. இயந்திரம் இருண்டிருந்தது. ஒயரின் முனை அவன் காலணிக்குப் பக்கத்தில் இருந்தது. நிறுத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை.

அவன் ரிசீவரைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்தான். மறுமுனையில், ஹெண்டர்ஷாட்டுக்குப் பின்னால், அது கேட்டது. விழுங்கிக்கொள்ளத் தோதான அரை மூச்சு இல்லை இப்போது. முழு மூச்சு.